வாசலில் ஒரு ஜாக்கி!
மோட்டார் சைக்கிளைத் தூக்கும் முன்பு கொஞ்சம் கவனியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 9.

வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு ஜாக்கி. பக்கத்தில் ஒரு வாளி, பழைய துணி, எண்ணெய்ப் புட்டி.

"அம்மா, இங்கே வந்து பாரேன்! வண்டி அந்தரத்தில் நிற்குது!" என்று மகன் கூப்பிட்டான்.

அம்மா சமையல் அறையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"டேய், அது ஆடுதுடா!" என்றாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. இந்த ஜாக்கி 1,500 பவுண்டு தாங்கும். பெட்டியிலேயே போட்டிருக்கான்."

இப்படிச் சொல்லிவிட்டு, பின் சக்கரத்து நட்டில் ஸ்பானரை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான். "டமார்" என்று வண்டி சாய்ந்தது.

இது எங்கள் தெருவில் நடந்தது. நல்ல வேளையாக உயிருக்கு ஆபத்து இல்லை. பெட்ரோல் டாங்கி நசுங்கியது. கிளட்ச் பிடி ஒடிந்தது. பையனின் கால் கட்டைவிரலில் நகம் பெயர்ந்தது. அவன் அக்காவின் 3 வயதுக் குழந்தை, அதே இடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, அப்போதுதான் இட்லி சாப்பிட உள்ளே போயிருந்தது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். வண்டி கீழே கிடந்தது. ஆனால் ஜாக்கி வளையவில்லை. உடையவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே இருந்தது!

பெட்டியில் போட்டிருந்தது பொய் அல்ல. 1,500 பவுண்டு என்றால் ஏறத்தாழ 680 கிலோ. பையனின் வண்டி 142 கிலோ. அதைப்போல 4 வண்டியைத் தூக்கும் ஜாக்கி அது.

பிறகு ஏன் வண்டி விழுந்தது?

அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. முன்பெல்லாம் ஜாக்கி என்றால் காருக்கும் லாரிக்கும்தான். மோட்டார் சைக்கிளைத் தூக்க வீட்டுக்கு வீடு ஜாக்கி வாங்கும் வழக்கம் இப்போது எப்படி வந்தது?

கால் இல்லாத வண்டிகள்

இந்தியாவில் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 12 மாதத்தில் விற்ற இரு சக்கர வண்டிகள் ஏறத்தாழ 1 கோடியே 96 லட்சம். ஒரு நாளைக்கு 53 ஆயிரத்துக்கும் மேல்!

2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி மாறியது. 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் சக்தி உள்ள வண்டிகளுக்கு 40 சதவீதமாக ஏறியது. நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவது பெரும்பாலும் 350 சி.சி.க்கு உட்பட்டதுதான். ஆகவே, "இப்போது வாங்கினால் லாபம்" என்று பலர் கிளம்பினார்கள்.

வாங்கிய வண்டிகளில் இளைஞர்கள் ஆசைப்படும் ரகம் ஒன்று இருக்கிறது. பந்தய வண்டி போல முன்னால் குனிந்து ஓட்டுவது. அல்லது உடம்பில் மறைப்பு இல்லாமல் எஞ்சின் வெளியே தெரிவது. யமகா ஆர்-15, கே.டி.எம். டியூக் போன்றவை. இவற்றுக்குச் சைடு ஸ்டாண்டு மட்டும்தான் உண்டு. சென்டர் ஸ்டாண்டு கிடையாது.

ஏன் கிடையாது? கம்பெனிக்காரர்கள் வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சென்டர் ஸ்டாண்டு ஒரு கனமான இரும்பு. அது இருந்தால் வண்டியின் எடை கூடும். வளைவில் வண்டி நன்றாகச் சாயும்போது அது தரையில் உரசும். மேலும், இந்த ரக வண்டிகள் பலவற்றில் புகைக் குழாய் எஞ்சினுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறது. ஸ்டாண்டு வைக்க இடமும் இல்லை. நியாயமான காரணங்கள்தான்.

ஆனால் செயின் இருக்கிறதே! அதைத் துடைக்கவேண்டும், எண்ணெய் விடவேண்டும். வண்டிக்கு வண்டி கணக்கு வேறுபடும். பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோ மீட்டருக்குள் ஒரு தடவை செய்யவேண்டி வரும். மழையில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம். செயின் முழுவதும் எண்ணெய் படவேண்டுமானால் பின் சக்கரம் சுற்றவேண்டும். சக்கரம் சுற்றவேண்டுமானால் அது தரையை விட்டு எழும்பவேண்டும்.

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கிய காலத்தில் இந்தக் கவலை இல்லை. புல்லட்டைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினால் பின் சக்கரம் தானாக எழும்பும். இப்போது வண்டி தன் காலை இழந்துவிட்டது. அந்தக் காலை நாம் கடையில் தேடுகிறோம்!

பட்டறைக்குக் கொண்டு போகலாம். ஆனால், செயின் துடைக்க மட்டும் எத்தனை தடவை போவது? பட்டறையில் வண்டியை விட்டால் அரை நாள் வேலை கெட்டது. ஆகவே பையன்கள் கைப்பேசியில் ஒரு ஜாக்கியைத் தேடுகிறார்கள். படத்தில் ஒரு பெரிய அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஜாக்கியின் மேல் கம்பீரமாக நிற்கிறது. கீழே "1,500 பவுண்டு" என்று கொட்டை எழுத்து. பணம் கட்டியாகிவிட்டது. இரண்டு நாளில் பெட்டி வாசலுக்கு வந்துவிடுகிறது.

அகலம் எங்கே?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

வீட்டில் குத்துவிளக்கு இருக்கிறதா? அதைப் பாருங்கள். மேலே தகழி சிறியது. நடுத்தண்டு ஒல்லி. அடிப்பாகம் மட்டும் தாம்பாளம் போல அகலம். ஏன்? குழந்தையின் கை பட்டாலும் சாயக்கூடாது என்பதற்காக. தண்டு உடைந்துவிடும் என்ற பயத்தால் அல்ல.

மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். அது உயரம், ஒல்லி. கார் போல நான்கு மூலையிலும் சக்கரம் கிடையாது. கார் ஜாக்கி ஒரு மூலையைத்தான் தூக்குகிறது. மற்ற மூன்று சக்கரங்களும் தரையில் இருந்து காரைப் பிடித்துக்கொள்கின்றன. மோட்டார் சைக்கிளை வயிற்றில் ஜாக்கி கொடுத்துத் தூக்கும்போது அப்படிப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. முன் சக்கரம் ஓர் ஓரத்தில் தொட்டுக்கொண்டு இருக்கலாம். அது உருளும், திரும்பும். மொத்த எடையும் ஜாக்கியின் தலையில். அந்தத் தலை ஒரு சாண் அகலம்கூட இல்லை என்றால்?

எங்கள் தெருப் பையன் செய்தது அதுதான். 680 கிலோவைத் தூக்கும் ஜாக்கி, பக்கவாட்டில் ஓர் இழுப்பு இழுத்தால் தாங்கவில்லை. ஜாக்கி வாங்குகிறவர்கள் எல்லாரும் "எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி "அடி எவ்வளவு அகலம்? தலை எவ்வளவு அகலம்?" என்பதுதான்.

ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. கிளாசிக் 350 வண்டி 195 கிலோ. நாம் வீட்டில் வைத்திருக்கும் வண்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 300 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தாலே எடைக்குப் போதும். ஆகவே 500 கிலோ ஜாக்கியா, 700 கிலோ ஜாக்கியா என்று யோசித்துப் பணத்தைக் கூட்டிக் கொடுக்கவேண்டாம்.

எண்ணெய் தூக்கும், எண்ணெயை நம்பலாமா?

ஜாக்கியில் பல ரகம் இருந்தாலும் உள்ளே வேலை செய்யும் தந்திரம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று திருகு. மற்றொன்று எண்ணெய்.

எண்ணெய் ஜாக்கியை ஹைட்ராலிக் ஜாக்கி என்பார்கள். தெருக்கோடியில் உள்ள அடி பம்பு போல இதற்கும் ஒரு கைப்பிடி. அடிக்க அடிக்க எண்ணெய் ஒரு சிறிய குழலில் இருந்து பெரிய குழலுக்குப் போகிறது. சிறிய குழலைவிடப் பெரிய குழலின் பரப்பு 10 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சிறிய குழலில் 10 கிலோ அழுத்தினால் பெரிய குழல் 100 கிலோவைத் தூக்கும். 300 ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டு சொன்ன விதி இது. ஒல்லியான பையன்கூட ஒரு கையால் புல்லட்டைத் தூக்கிவிடலாம்.

ஆனால் தூக்கிய பிறகு அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? எண்ணெய். அந்த எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? ஒரு ரப்பர் வளையம்! அதில் ஒரு கீறல் விழுந்தாலும், அடைப்பில் ஒரு துளி மண் புகுந்தாலும் எண்ணெய் மெல்ல மெல்லக் கசியும். ஜாக்கி இறங்கும். சில சமயம் அரை மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டுப் பிறகு இறங்கும்.

இதனால்தான் அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு விதியே இருக்கிறது. ஜாக்கியால் ஒரு பொருளைத் தூக்கினால், உடனே அதற்கு முட்டுக் கொடுத்துவிடவேண்டும். அதாவது, தூக்குவது ஜாக்கியின் வேலை. தாங்குவது வேறொன்றின் வேலை.

நம்முடைய நல்ல மெக்கானிக்குகளுக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஆனால் பழக்கம் தெரியும். லாரியைத் தூக்கியதும் கட்டையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் படுப்பார்கள்.

திருகு ஜாக்கி வேறு மாதிரி. கத்தரிக்கோல் போல இரண்டு பக்கமும் மடங்கி விரியும் ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள். கார் டிக்கியில் கிடக்குமே, அந்தக் குடும்பம்தான். நடுவில் ஒரு நீளமான திருகு. அதை ஸ்பானரால் சுற்றினால் கத்தரி எழும்பும். சுற்றுவதை நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும். திருகின் மரையே அதைப் பிடித்துக்கொள்கிறது. கசிய எண்ணெய் இல்லை. அறுபட ரப்பர் இல்லை. சுற்றுவதற்குக் கை வலிக்கும். அது ஒன்றுதான் குறை. வீட்டுக்கு எது என்று என்னைக் கேட்டால், கை வலித்தாலும் திருகுதான் என்பேன்.

எண்ணெய் ஜாக்கியே வேண்டும் என்கிறவர்கள் அதில் இரும்புப் பூட்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தூக்கிய பிறகு ஒரு முளையையோ தண்டையோ குறுக்கே செருகினால், எண்ணெய் முழுவதும் வடிந்தாலும் வண்டி இரும்பின் மேல் நிற்கும். பூட்டு இல்லாத எண்ணெய் ஜாக்கியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.

17 லட்சம் முட்டுகள்

பூட்டு இருந்தால் மட்டும் போதுமா?

2020-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஹார்பர் பிரைட் என்பது அங்கே நாடு முழுவதும் கடைகள் வைத்திருக்கும் கருவி வியாபார நிறுவனம். காரைத் தூக்கிய பிறகு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகளை அது விற்றது. 3 டன், 6 டன் தாங்கும் என்று போட்டிருந்தது. அந்த ஸ்டாண்டின் தண்டில் ரம்பம் போலப் பற்கள் இருக்கும். ஒரு கொண்டி அந்தப் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும்.

சில ஸ்டாண்டுகளில் கொண்டி சரியாகப் பல்லில் உட்காரவில்லை என்று தெரிந்தது. தொழிற்சாலையில் அவற்றைச் செய்யும் அச்சு தேய்ந்துபோனதால் வந்த குறை. எடை மாறினால் ஸ்டாண்டு திடீரென்று இறங்கிவிடும்! 2020 மார்ச்சில் "திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று அறிவித்தார்கள். மொத்தம் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகள்.

அதோடு முடியவில்லை. பழையதைத் திருப்பிக் கொடுத்தவர்களில் சிலர், அதற்குப் பதிலாக அதே கடையில் வேறு ஸ்டாண்டு வாங்கிப் போனார்கள். ஜூலையில் அந்த ஸ்டாண்டுகளிலும் குறை தெரிந்தது. இந்தத் தடவை வெல்டிங்கில்! அதையும் திரும்பப் பெற்றார்கள்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். 3 டன் என்ற எழுத்தில் தவறு இல்லை. இரும்பும் போதுமான கனம்தான். குறை இருந்தது ஒரு சிறிய பல்லிலும் ஒரு சிறிய வெல்டிங்கிலும்.

அங்கே, விற்ற கடைக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. ஆகவே திருப்பி வாங்கிக்கொள்ளச் செய்ய முடிந்தது. நாம் கைப்பேசியில் வாங்கும் பெட்டியில் தயாரித்தவர் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பெயர் இல்லாத பொருளை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

ஆகவே பெட்டி வந்ததும் வண்டியின் அடியில் வைக்க அவசரப்படவேண்டாம். முதலில் வெல்டிங் போட்ட இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். எறும்பு வரிசை போல ஒரே சீராக, இரண்டு இரும்பையும் கடித்துக்கொண்டு இருக்கவேண்டும். ஓட்டை, விரிசல், பாதியில் நின்ற வெல்டிங் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மேலே பூசிய சாயத்தில் மயங்கவேண்டாம். பிறகு ஜாக்கியைப் பாதி உயரம் எழுப்பி, தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். வெறும் ஜாக்கியே லொடலொட என்று ஆடினால், வண்டி ஏறிய பிறகு என்ன ஆகும்?

எல்லாருக்கும் ஜாக்கி தேவையா?

இல்லை!

இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். உங்கள் வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இருந்தால், செயின் துடைக்கவும், எண்ணெய் விடவும், பின் சக்கரம் கழற்றவும் அதுவே போதும். வண்டியைச் செய்தவர்களே அதன் எடைக்கும் உயரத்துக்கும் அளவெடுத்துச் செய்த கால் அது. அதைவிட நல்ல ஜாக்கி கடையில் கிடைக்காது.

"சென்டர் ஸ்டாண்டு போட என்னால் முடியாது, கனம்" என்று பெண்களும் வயதானவர்களும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கையால் தூக்கப் பார்ப்பதால் வரும் கஷ்டம் அது. முதலில் ஸ்டாண்டின் மிதியைக் காலால் மெல்ல அழுத்தி, அதன் இரண்டு கால்களும் தரையைத் தொடும்படி செய்யவேண்டும். பிறகு மிதியின்மேல் ஏறி நிற்பதுபோல உடம்பின் பாரம் முழுவதையும் கொடுக்கவேண்டும். வண்டி தானாகப் பின்னால் ஏறும். கை, வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்குச் செயின் வேலைதான் முக்கியம் என்றால், பின் சக்கரத்தை மட்டும் தூக்கும் "பேடாக் ஸ்டாண்டு" வாங்கலாம். பந்தய மைதானங்களில் வண்டிகள் நிற்பது இதில்தான். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். எண்ணெயும் இல்லை, திருகும் இல்லை. பின் சக்கரத்தைத் தாங்கும் கவைக்கு இரண்டு பக்கமும் கொடுத்து, நெம்புகோல் போல அழுத்தினால் சக்கரம் எழும்பும். முன் சக்கரம் தரையிலேயே இருக்கும். ஸ்டாண்டின் அடி, வண்டியைவிட அகலம். குத்துவிளக்கு மாதிரி!

இதில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, கவையின் அடியில் ரப்பர் தட்டு கொடுத்துத் தூக்குவது. இது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும்; ஆனால் நழுவ இடம் உண்டு. மற்றொன்று, கவையின் இரு பக்கமும் நூல்கண்டு போன்ற சிறிய உருளையைத் திருகிவிட்டு, அதைக் கொக்கியால் பிடித்துத் தூக்குவது. இது எளிதில் நழுவாது. வாங்குவதாக இருந்தால் இதையே வாங்குங்கள். உருளையின் போல்ட்டு எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அல்ல. உங்கள் வண்டியின் பெயரைச் சொல்லி, அதற்கு உரியதைக் கேட்டு வாங்கவேண்டும்.

பேடாக் ஸ்டாண்டைத் தனி ஆளாகப் போடவேண்டாம். ஒருவர் கைப்பிடியைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி நிற்கட்டும். மற்றவர் ஸ்டாண்டை அழுத்தட்டும். பழகியவர்கள் தனியாகச் செய்வதைப் பார்த்து ஆசைப்படவேண்டாம். அவர்கள் எத்தனை தடவை வண்டியைக் கீழே போட்டுப் பழகினார்கள் என்பது நமக்குத் தெரியாது!

முன் சக்கரத்தையும் கழற்றவேண்டும், எஞ்சின் அடியில் வேலை இருக்கிறது என்கிறவர்களுக்கு மட்டும்தான் வயிற்றில் கொடுக்கும் ஜாக்கி தேவை. அதை வாங்கும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, வண்டியின் வயிற்றைப் பாருங்கள்.

ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் எஞ்சினை இரண்டு குழாய்கள் தொட்டில் போலத் தாங்குகின்றன. ஜாக்கியின் தலை அந்த இரண்டு குழாய்களையும் ஒரே சமயத்தில் தொடவேண்டும். ஒரு குழாயை மட்டும் தொட்டால் வண்டி உருண்டுவிடும். ஆர்-15 போன்ற வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் குழாயே கிடையாது. பழைய புல்லட்டிலும் முன் குழாய் எஞ்சினோடு வந்து முடிந்துவிடும். இவற்றுக்கு எங்கே முட்டுக் கொடுக்கலாம் என்று வண்டியோடு தந்த கையேட்டைப் பார்க்கவேண்டும். இல்லையேல் அந்த வண்டியில் கைபழகிய மெக்கானிக்கைக் கேட்கவேண்டும். புகைக் குழாய், எண்ணெய் வடிக்கும் திருகு, பிளாஸ்டிக் மூடி ஆகியவற்றில் ஜாக்கி படக்கூடாது. படத்தில் பார்த்தோமே, அந்த அமெரிக்க வண்டி? அதன் அடியில் தண்டவாளம் போல இரண்டு குழாய்கள் சமமாக ஓடுகின்றன. அந்த ஜாக்கி அதற்கென்று செய்தது. நம்முடையதற்கு அல்ல.

கார் டிக்கியில் கிடக்கும் ஜாக்கியை மோட்டார் சைக்கிளுக்கு எடுக்கவேண்டாம். புட்டி போன்ற லாரி ஜாக்கியையும் எடுக்கவேண்டாம். அது எத்தனையோ டன் தூக்கும். ஆனால் அதன் தலை ஒரு பழைய எட்டணா அளவுதான்!

செங்கல்லை நம்பாதே

நல்ல ஜாக்கி வாங்கியாகிவிட்டது. எங்கே வைப்பது?

நம் வீட்டு வாசல்கள் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப் பக்கம் சரிவாகக் கட்டியவை. கண்ணுக்குத் தெரியாது, ஒரு கோலிக்குண்டை வைத்தால் தெரியும். சரிவில் ஜாக்கி வைக்கவேண்டாம். மண் தரையில் வைத்தால் ஒரு பக்கம் புதையும். வழவழப்பான டைல்ஸ் தரையில் எண்ணெய் சிந்தினால் சறுக்கும். சமமான சிமெண்டுத் தரைதான் நல்லது. அது இல்லையென்றால், ஜாக்கியைவிட அகலமான கனத்த பலகை ஒன்றை அடியில் போடலாம்.

உயரம் போதவில்லை என்று செங்கல்லை அடுக்குகிறவர்கள் உண்டு. மிகவும் தவறு! செங்கல்லும், நடுவில் ஓட்டை உள்ள சிமெண்டுக் கல்லும் சுவருக்குத்தான் நல்லவை. அங்கே பாரம் பரவி விழுகிறது. ஜாக்கியின் அடியில் பாரம் ஒரே இடத்தில் விழும். கல் எந்தச் சத்தமும் இல்லாமல் பொடியாகிவிடும். மரக்கட்டை அப்படி அல்ல. உடைவதற்கு முன்னால் முனகும், பிளவு தெரியும். விலகிக்கொள்ள ஒரு கணமாவது கிடைக்கும்.

முன் பிரேக்கை இறுக்கப் பிடித்து, பிடியோடு சேர்த்து ஒரு ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள். பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு போதும். வண்டி உருளாது.

நட்டு எப்போது?

எங்கள் தெருப் பையனின் ஜாக்கி அகலம் குறைந்தது, உண்மைதான். ஆனாலும் அவன் ஸ்பானரை இழுக்காமல் இருந்திருந்தால் வண்டி விழுந்திருக்காது.

சக்கரத்து நட்டு மிகவும் இறுக்கமாக இருக்கும். அதைத் தளர்த்த உடம்பின் பலத்தை எல்லாம் கொடுத்து இழுக்கவேண்டும். அந்தரத்தில் நிற்கும் வண்டியை அப்படி இழுத்தால் அது எந்தப் பக்கம் வரும்? இழுக்கிறவன் பக்கம்தான்!

ஆகவே, இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிடவேண்டும். பிறகு தூக்கவேண்டும். வேலை முடிந்ததும் நட்டைக் கையால் ஒட்ட வைத்து, வண்டியை இறக்கி, தரையில் நின்ற பிறகு கடைசி இறுக்கம் கொடுக்கவேண்டும். ஜாக்கி விற்கிறவர்கள் தரும் காகிதத்தில் இது எழுதியிருப்பதை நான் பார்த்தது இல்லை. வயதான மெக்கானிக் ஒருவர்தான் எனக்குச் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்று. வயிற்றில் ஜாக்கி கொடுத்து, தராசு போல முன்னும் பின்னும் சமமாக நிறுத்தியிருக்கிறோம். பின் சக்கரத்தைக் கழற்றினால் என்ன ஆகும்? பின்தட்டில் எடை குறையும். வண்டி முன்னால் கவிழப் பார்க்கும். முன் சக்கரத்தைக் கழற்றினால் பின்னால் சாயும். ஆகவே சக்கரத்தை உருவும் முன்பே, சாயப்போகும் பக்கத்தில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைக்கவேண்டும்.

விரல் ஜாக்கிரதை!

வண்டி சரியாக நிற்கிறது. ஆடவில்லை. இனி ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். இப்போதுதான் பெரிய ஆபத்து வருகிறது.

சக்கரத்தைக் கையால் சுற்றச் சோம்பல்பட்டு, சிலர் எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டுவிடுகிறார்கள். சக்கரம் தானாகச் சுற்றுகிறது. செயினில் துணியைப் பிடித்தால் நொடியில் சுத்தம் ஆகிறது.

துணியின் ஒரு நூல் செயினில் மாட்டினால் போதும். செயின் துணியை இழுக்கும். துணி விரலை இழுக்கும். விரல் செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் போகும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. துண்டாகிவிடும்! செயின் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் நாட்டில் பலர். வேலை தெரிந்தவர்களுக்கும் இது நேரலாம்.

எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். கியர் இல்லாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். துடைப்பதற்குத் துணியைவிடப் பழைய பல் துலக்கும் பிரஷ் நல்லது.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இப்போது ஆயிரக்கணக்கில் இவற்றைச் செய்கிறார்கள். ஊரெல்லாம் ஓடுகின்றன. இவற்றில் மோட்டார் ஓடுகிறதா, நிற்கிறதா என்று காதுக்குத் தெரியாது. தூக்கி நிறுத்திய வண்டியில் ஒரு குழந்தை பிடியை முறுக்கினால் பின் சக்கரம் சீறிக்கொண்டு சுற்றும். அதோடு, பல மின்சார ஸ்கூட்டர்களில் கால் வைக்கும் பலகைக்கு அடியிலேயே பேட்டரிப் பெட்டி இருக்கிறது. அங்கே ஜாக்கி கொடுத்தால் பெட்டி நசுங்கும். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம். இந்த வண்டிகளுக்கு வீட்டில் ஜாக்கியே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது

வேலை முடிந்தது. குழந்தைகளைத் திண்ணைக்கு அனுப்புங்கள். அடியில் ஸ்பானர், துணி, வாளி, யாருடைய காலாவது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சைடு ஸ்டாண்டை முன்னதாகவே இழுத்து விட்டுவிடுங்கள். வண்டி தரைக்கு வந்ததும் சாய்வதற்கு ஒரு கால் வேண்டும்.

எண்ணெய் ஜாக்கியானால், இறக்கும் திருகை ஒரே சுற்றாகத் திறக்கக்கூடாது. மயிரிழை அளவு திறந்தால் போதும். வண்டி மெல்ல இறங்கும். ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். தரைக்கு வந்த பிறகு, பிரேக்கில் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்க்க மறக்கவேண்டாம். ஒரு நாள் நான் மறந்துவிட்டு, வண்டி ஏன் நகரவில்லை என்று கால் மணி நேரம் எஞ்சினைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் தெருப் பையன் இப்போது வேறு ஸ்டாண்டு வாங்கிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்டாண்டை அழுத்த, கைப்பிடியைப் பிடித்து நின்றது அவன் அம்மா.

"ஆடுதாம்மா?" என்று கேட்டான்.

"இரு, பார்த்துச் சொல்றேன்" என்றாள்.